அளவும் இடமும்: இரத்தக் குழாய் பிறக்கும் விதம்

(பொது அறிவியல் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அடைகாக்கத் தொடங்கிய இரண்டாம் நாளில் கோழிமுட்டைக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குகிறேன். 1920-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபிளாரன்ஸ் சாபின் என்ற பேராசிரியர் அதைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்தார். முட்டையிலிருந்து இளங்கருவைப் பிரித்தெடுத்து, மெல்லிய கண்ணாடித் தகட்டிலிருந்து தொங்கும் ஒரு துளி திரவத்தில் உயிரோடு வைத்து, நுண்ணோக்கியின் முன் இரவெல்லாம் விழித்திருந்தார். முதலில் தெரிந்தவை தனித்தனிச் செல்கள். அவை இங்கும் அங்குமாகச் சிறு கொத்துகளாகச் சேர்ந்தன. கொத்தின் நடுப்பகுதி கரைந்து நீர்மமாயிற்று. ஓரத்தில் இருந்த செல்கள் தட்டையாகிச் சுவராயின. பக்கத்துப் பக்கத்துக் கொத்துகள் ஒன்றை நோக்கி ஒன்று நீண்டு இணைந்தன. அந்தச் சுவரிலிருந்தே சில செல்கள் உதிர்ந்து சிவப்பணுக்களாகவும் மாறின. இத்தனையும் முடிந்த பிறகே இதயத்தின் துடிப்பு இரத்தத்தை ஓடவைத்தது. குழாய் முதலில் பிறக்கிறது, ஓட்டம் பிறகு வருகிறது.

யார் சொல்லி அந்தச் செல்கள் கூடின? கொத்தின் ஓரத்தில் நின்றது சுவராக வேண்டும், உதிர்ந்தது இரத்தமாக வேண்டும் என்று எங்கிருந்து ஆணை வந்தது? இதற்கு விடை சொல்லும் கருவி சாபின் காலத்தில் இல்லை. விடை துண்டு துண்டாகக் கிடைக்க எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இன்று நான் பேச வந்தது அந்த விடையைப் பற்றித்தான். மருத்துவம் அதை அவசரமாகப் பயன்படுத்தப் போய்ச் சந்தித்த ஏமாற்றத்தைப் பற்றியும் சொல்வேன்.

சாபின் பார்த்த செல்களை முன்னோடி செல்கள் என்கிறோம். இவை எந்த உறுப்பாகவும் ஆகக்கூடிய ஸ்டெம் செல்கள் அல்ல. பாதித் தூரம் வந்துவிட்டவை. இரத்தமாகலாம், குழாயின் உட்சுவராகலாம், அவ்வளவுதான். மீதித் தூரத்துக்கு வழிகாட்டுபவை சமிக்ஞைப் புரதங்கள். ஒரு செல் புரதத்தைச் சுரந்து வெளியே விடுகிறது. இன்னொரு செல்லின் மேற்பரப்பில் அதற்கென்றே அமைந்த ஏற்பி இருக்கிறது. புரதம் வந்து ஒட்டியதும் ஏற்பியின் உட்பகுதி விழித்துக்கொண்டு, பாஸ்பேட்டுகளை ஒட்டும் வேதிவினைகளின் தொடரைக் கிளப்பிவிடுகிறது. அது உட்கரு வரை சென்று சில மரபணுக்களைத் திறக்கிறது, சிலவற்றை மூடுகிறது. கருவில் பி.எம்.பி.-4 என்ற புரதமும் எஃப்.ஜி.எஃப். குடும்பத்துப் புரதங்களும் முதலில் வந்து, நடுப்படலத்துச் செல்களைத் தயார்ப்படுத்துகின்றன. அப்படித் தயாரான செல்கள் தங்கள் மேற்பரப்பில் ஒரு புது ஏற்பியை நிறுத்துகின்றன. அந்த ஏற்பிக்கு வரவேண்டிய புரதம்தான் இன்றைய பேச்சின் நாயகன்: விஇஜிஎஃப்.

இந்தப் புரதத்தை இரண்டு பேர் இரண்டு பக்கத்திலிருந்து கண்டுபிடித்தார்கள். 1983-இல் பாஸ்டனில் ஹரோல்ட் டுவோராக்கின் குழு, கட்டிகள் சுரக்கும் ஒரு புரதம் அருகிலிருக்கும் இரத்தக் குழாய்களைக் கசிய வைக்கிறது என்று கண்டது. 1989-இல் ஜெனன்டெக் நிறுவனத்தில் நப்போலியோனே ஃபெராரா, மாட்டின் பிட்யூட்டரிச் செல்களிலிருந்து உட்சுவர்ச் செல்களைப் பெருகச் செய்யும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். இரண்டும் ஒன்றே என்று பிறகு தெரியவந்தது. குழாயைக் கசிய வைப்பதும் குழாயை வளர்ப்பதும் ஒரே மூலக்கூறின் வேலை என்பதை மறந்துவிடாதீர்கள். கண் நோய்க்கு வரும்போது அது மீண்டும் தேவைப்படும்.

1995-இல் கனடாவின் டொரன்டோவில் ஜேனட் ராசன்ட் முதலியோர் செய்த இரண்டு சோதனைகளை நான் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன். விஇஜிஎஃப்-க்கு முக்கியமான ஏற்பிகள் இரண்டு. இரண்டாம் ஏற்பிக்கான மரபணுவை எலியில் நீக்கிப் பார்த்தார்கள். கருக்கள் எட்டரை நாளுக்கும் ஒன்பதரை நாளுக்கும் இடையில் இறந்துபோயின. மஞ்சள்கருப் பையில், சாபின் பார்த்த கொத்துகள் போன்ற இரத்தத் தீவுகளே உருவாகியிருக்கவில்லை, ஒழுங்கான குழாய் ஒன்றுகூட இல்லை. எதிர்பார்த்ததுதான். அதே ‘நேச்சர்’ இதழில் அடுத்த கட்டுரையாக, முதலாம் ஏற்பியை நீக்கிய சோதனை வந்தது. இங்கேயும் கருக்கள் இறந்தன, ஆனால் காரணம் நேர்மாறு. உட்சுவர்ச் செல்கள் தேவைக்கு மேல் பெருகி, குழாய்களின் ஒழுங்கே குலைந்துபோயிருந்தது.

இரண்டுமே ஒரே புரதத்தைப் பிடிக்கும் ஏற்பிகள்தான். ஒன்று போனால் குழாய் இல்லை, இன்னொன்று போனால் குழாய்ச் செல் மிகுதி. இதற்கு 1998-இல் டோக்கியோவில் மசாபுமி ஷிபுயாவின் குழு விளக்கம் கண்டது. முதலாம் ஏற்பியின் வெளிப்பகுதியை அப்படியே விட்டுவிட்டு, சமிக்ஞையை உள்ளே கடத்தும் பகுதியை மட்டும் வெட்டினார்கள். எலிகள் ஆரோக்கியமாகப் பிறந்தன. கருவில் அந்த ஏற்பியின் முதன்மையான வேலை சமிக்ஞை கடத்துவதே அல்ல என்று தெரிந்தது. விஇஜிஎஃப்-ஐ இறுகப் பிடித்து வைத்துக்கொண்டு, இரண்டாம் ஏற்பிக்கு அளவாக மிச்சம் விடுவதுதான் அதன் வேலை. முன்னோடி செல்களில் எத்தனை குழாயாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்க, கட்டளையிடும் புரதம் இருந்தால் மட்டும் போதாது. அதை மட்டுப்படுத்தும் புரதமும் கூடவே நிற்க வேண்டும்.

அந்த அளவு எவ்வளவு நுட்பமானது என்பது டொரன்டோ சோதனைகளுக்கு அடுத்த ஆண்டே தெரிந்திருந்தது. ஒவ்வொரு மரபணுவுக்கும் நம்மிடம் இரண்டு பிரதிகள் உண்டு. பெரும்பாலான மரபணுக்களில் ஒரு பிரதி போனாலும் மற்றது சமாளித்துவிடும். 1996-இல் பெல்ஜியத்தில் பீட்டர் கார்மெலியட்டின் குழுவும் அமெரிக்காவில் ஃபெராராவின் குழுவும், விஇஜிஎஃப் மரபணுவில் ஒரே ஒரு பிரதியை இழந்த எலிக் கருக்கள்கூட பதினொன்று, பன்னிரண்டாம் நாள் வாக்கில் இறந்துவிடுவதைக் காட்டின. அதிகமாக இருந்தாலாவது தாங்குமா? அதுவும் இல்லை. 2000-இல் வெளியான ஆய்வொன்றில், விஇஜிஎஃப் இரண்டு மூன்று மடங்கு கூடுதலாகச் சுரந்த எலிக் கருக்களும் பிழைக்கவில்லை. பாதியாகக் குறைந்தாலும் மரணம், மும்மடங்கானாலும் மரணம். உடலில் இவ்வளவு குறுகிய இடைவெளிக்குள் இயங்கும் புரதங்கள் மிகச் சிலவே.

அளவுக்கு அடுத்தது இடம். விஇஜிஎஃப் ஒரே நீளத்தில் வருவதில்லை. ஒரே மரபணுவிலிருந்து நீளமும் குட்டையுமாகப் பல வடிவங்கள் கிடைக்கின்றன. குட்டை வடிவம் திசுவெங்கும் தடையின்றிப் பரவிவிடும். நீண்ட வடிவம் சுரந்த இடத்திலேயே செல்லிடைப் பொருளோடு ஒட்டிக்கொள்ளும். நடுவடிவம் கொஞ்சம் ஒட்டும், கொஞ்சம் பரவும். 2002-இல் வெளியான கிறிஸ்டியானா ருர்பெர்க் முதலியோரின் ஆய்வில், குட்டை வடிவத்தை மட்டும் உண்டாக்கும் எலிகளில் குழாய்கள் அகலமாகவும் கிளை குறைந்தும் இருந்தன. நீண்ட வடிவம் மட்டும் உள்ளவற்றில் மெல்லிய கிளைகள் கணக்கில்லாமல் முளைத்திருந்தன. தாளிக்கும் மணம் ஒரு பக்கத்திலிருந்து வந்தால்தான் சமையலறை எங்கே என்று தெரியும். வீடெங்கும் ஒரே அளவில் நிறைந்துவிட்டால், பசி எடுக்குமே தவிர எந்தப் பக்கம் போவது என்று தெரியாது. குட்டை வடிவம் மட்டும் இருந்த எலிகளில் செல்களுக்கு நேர்ந்தது இதுதான். பெருகச் சொல்லும் கட்டளை வந்தது, திசை மட்டும் வரவில்லை.

செல் எப்படித் திசை அறிகிறது என்பதைப் பார்க்க மிக நல்ல இடம் பிறந்த எலிக்குஞ்சின் விழித்திரை. எலி பிறக்கும்போது அதன் விழித்திரையில் இரத்தக் குழாய் கிடையாது. பிறந்த முதல் வாரத்தில் கண் நரம்பு நுழையும் நடுப்புள்ளியிலிருந்து குழாய்கள் ஓரத்தை நோக்கி வளர்கின்றன. விழித்திரையை எடுத்து நான்கு பக்கமும் கீறி இதழ்போல விரித்து, உட்சுவர்ச் செல்களில் மட்டும் ஒட்டும் சாயமிட்டு நுண்ணோக்கியில் வைத்தால், முழுப் பின்னலும் ஒரே தளத்தில் தெரியும். பின்னலின் முன்விளிம்பில் சில செல்கள் மட்டும் மயிரிழை போன்ற நீட்சிகளை முன்னால் விட்டுத் துழாவிக்கொண்டிருக்கும். 2003-இல் ஹோல்கர் கெர்ஹார்ட்டும் கிறிஸ்டர் பெட்ஷோல்ட்ஸும் உடனிருந்தோரும் இந்த முனைச் செல்களை விவரித்தார்கள். முனைச் செல் விஇஜிஎஃப் மிகும் திசையில் நகர்கிறது. ஆனால் அநேகமாகப் பெருகுவதில்லை. பெருகுவது அதற்குப் பின்னால் வரும் தண்டுச் செல். ஒரே புரதத்தைக் கேட்டு ஒரு செல் நடக்கிறது, அடுத்த செல் பெருகுகிறது.

எல்லாச் செல்களுமே முனைக்கு ஓடாமல் தடுப்பது எது? விஇஜிஎஃப்-ஐ அதிகமாக உணர்ந்த செல், டிஎல்எல்-4 என்ற புரதத்தைத் தன் மேற்பரப்பில் நிறுத்துகிறது. அது பக்கத்துச் செல்லின் நாட்ச் ஏற்பியைத் தொட்டு, ‘நீ முனையாகாதே, பின்னால் நில்’ என்று சொல்கிறது. இந்தத் தொடர்பை அறுத்தால் எல்லோரும் முனைச் செல்லாகிவிடுகிறார்கள், குழாய் புதராக மண்டுகிறது. 2006-இல் இதே தடையை எலியின் கட்டிகளில் அறுத்துப் பார்த்தார்கள். கட்டிக்குள் குழாய்கள் கூடின, ஆனால் கட்டியின் வளர்ச்சி குன்றியது! அந்தக் குழாய்களில் இரத்தம் சரியாக ஓடவில்லை. எண்ணிக்கை கூடியதைக் கொண்டு குழாய் பிறந்துவிட்டது என்று சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

முளைத்த குழாய் நிலைப்பதற்கு வேறு புரதங்கள் வேண்டும். உட்சுவர்ச் செல்கள் பி.டி.ஜி.எஃப்.-பி புரதத்தைச் சுரந்து பெரிசைட் என்ற சுற்றுச் செல்களை வரவழைக்கின்றன. பெரிசைட்டுகள் ஆஞ்சியோபாய்டின்-1 சுரந்து குழாயைக் கசியாமல் இறுக்குகின்றன. இவை முன்கூட்டியே வந்தாலும் கெடுதல், வராமலே போனாலும் கெடுதல்.

இனி வளர்ந்த மனிதருக்கு வருவோம். முன்னோடி செல்லிலிருந்து புதிதாகக் குழாய் பிறப்பது கருவில் மட்டுமே, பிறந்த பிறகு இருக்கும் குழாயிலிருந்து கிளை முளைப்பது மட்டுமே உண்டு என்று பாடநூல்கள் நீண்ட காலம் சொல்லி வந்தன. 1997-இல் பாஸ்டனின் புனித எலிசபெத் மருத்துவமனையில் டகாயுகி அசஹாராவும் ஜெஃப்ரி ஐஸ்னரும் இதை அசைத்தார்கள். வளர்ந்த மனிதரின் இரத்தத்திலிருந்து சிடி-34 அடையாளமுள்ள செல்களைப் பிரித்து வளர்த்தார்கள். அவை உட்சுவர்ச் செல்லின் குணங்களைக் காட்டின. காலில் இரத்த ஓட்டம் தடைபட்ட விலங்குகளுக்கு அவற்றைச் செலுத்தியபோது புதுக் குழாய்கள் உருவாகும் இடங்களில் போய்ச் சேர்ந்தன.

அதன் பிறகு பொங்கியெழுந்த உற்சாகம் கொஞ்சமல்ல. காலில் இரத்த ஓட்டமின்றி விரலை இழக்கும் நீரிழிவு நோயாளிக்கும், அறுவைக்கும் வழியில்லாத இதய நோயாளிக்கும், சொந்த இரத்தத்திலேயே மருந்து இருக்கிறது என்ற நம்பிக்கை அது. செல்கள் எப்படி அழைக்கப்படுகின்றன என்பதும் அடுத்த சில ஆண்டுகளில் துலங்கியது. ஆக்சிஜன் குறைந்த திசுவில் ஹெச்ஐஎஃப் என்ற புரதம் சிதையாமல் தங்குகிறது. இந்தப் பொறியமைப்பைக் கண்டறிந்ததற்குத்தான் செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு. தங்கிய ஹெச்ஐஎஃப், விஇஜிஎஃப் சுரக்க வைக்கிறது. எஸ்டிஎஃப்-1 என்ற இன்னொரு புரதத்தையும் சுரக்க வைக்கிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்து வெளிவந்த செல்கள் தங்கள் ஏற்பியால் எஸ்டிஎஃப்-1 மிகுந்த இடத்தை உணர்ந்து அங்கே இறங்குகின்றன. அழைப்பு, பயணம், இறங்குமிடம் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின.

பொருந்தாதது ஒன்றுதான். இறங்கிய செல்கள் உண்மையில் குழாயானவையா? இண்டியானா பல்கலைக்கழகத்தில் மெர்வின் யோடரும் டேவிட் இங்கிராமும் இதைப் பொறுமையாகச் சோதித்தார்கள். ஒவ்வொரு செல்லையும் தனியாகப் பிரித்து, அந்த ஒற்றைச் செல்லின் வாரிசுகள் என்ன ஆகின்றன என்று பார்த்தார்கள். 2007-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு பலருக்குக் கசந்தது. வளர்ப்புத் தட்டில் சில நாட்களிலேயே தோன்றி, முன்னோடி செல் என்று எண்ணப்பட்ட கூட்டங்கள் உண்மையில் இரத்த வழிச் செல்கள். மேக்ரோஃபேஜ் ஆகக்கூடியவை. எலியின் உடலில் அவை குழாய்ச் சுவராகவில்லை. இன்னொரு வகை இருந்தது. மிக அரிது, வெளிப்பட வாரக்கணக்கில் ஆகும். தொப்புள்கொடி இரத்தத்தில் கூடுதலாகக் கிடைக்கும். ஒற்றைச் செல்லிலிருந்து பெருங்கூட்டமாகப் பெருகும். ஜெல்லில் வைத்து எலிக்குள் பதித்தால், எலியின் சொந்த இரத்தம் ஓடும் குழாய்களைக் கட்டும். சாபின் பார்த்த வேலையைச் செய்பவை இவைதான்.

அப்படியானால் முதல் வகை வீணா? இல்லை. அந்தச் செல்கள் விஇஜிஎஃப் உள்ளிட்ட சமிக்ஞைப் புரதங்களைச் சுரந்து, ஏற்கெனவே இருக்கும் உட்சுவர்ச் செல்களைக் கிளப்பிவிடுகின்றன. இரண்டு வகையையும் சேர்த்துச் செலுத்தினால் தனித்தனியே செலுத்துவதைவிடக் கூடுதல் குழாய்கள் உருவாவதாக 2005-இல் ஒரு விலங்காய்வு காட்டியது. ஒரு வகை கட்டுகிறது, ஒரு வகை கட்டச் சொல்கிறது. பத்தாண்டுகள் இரண்டையும் ஒன்றாக எண்ணி, நோயாளிகளுக்கும் செலுத்தியதால், கிடைத்த பலனும் கிடைக்காத பலனும் எதனால் என்று பிரித்தறிய முடியாமல் போயிற்று. சோதனைகள் விரைந்து நடக்க வேண்டும் என்ற தவிப்பை நான் உணர்கிறேன். ஆனால் தன் கையிலிருக்கும் செல் எது என்று தெரியாமல் அதை ஒரு மனிதரின் இதயத்தில் செலுத்தியிருக்கக் கூடாது என்றே கருதுகிறேன்.

புரதத்தை நேராகச் செலுத்திய முயற்சியும் நடந்தது. 2003-இல் வெளியான விவா ஆய்வில் 178 நெஞ்சுவலி நோயாளிகள் பங்கேற்றார்கள். முதல் நாள் இதயத் தமனி வழியாகவும், பிறகு மூன்று, ஆறு, ஒன்பதாம் நாட்களில் சிரை வழியாகவும் விஇஜிஎஃப் செலுத்தினார்கள். 60 நாள் கழித்து நடைப்பயிற்சிச் சோதனை வைத்தபோது, வெற்று மருந்து பெற்றவர்களைவிட மேலான பலன் தெரியவில்லை. இரத்தத்தில் கலந்த புரதம் சற்று நேரத்தில் காணாமல் போய்விடும். போகும்வரை உடலெங்கும் இருக்கும். தேவைப்பட்ட இடத்தில் செறிவும் இல்லை, திசையும் இல்லை. 1996-இலேயே எலிக் கரு சொன்ன செய்தி கையில் இருந்தது!

இடத்தைச் சரியாகப் பிடித்து ஓயாமல் சுரக்க வைத்தால்? அதையும் ஸ்டான்ஃபோர்டில் ஹெலன் பிளாவின் குழு எலித் தசையில் செய்து பார்த்தது. விஇஜிஎஃப் சுரக்கும்படி மாற்றப்பட்ட தசை முன்னோடி செல்களைச் செலுத்தியபோது, அவர்களுக்குக் கிடைத்தவை இரத்தக் குழாய்க் கட்டிகள். பிறகு ஆண்ட்ரியா பான்ஃபி முதலியோர் அந்தச் செல்களைத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு சுரக்கிறது என்று அளந்து செலுத்தினார்கள். எல்லாச் செல்லும் ஒரே அளவில், ஓர் எல்லைக்குக் கீழே சுரந்தபோது இயல்பான நுண்குழாய்கள் வந்தன. மொத்த அளவு குறைவாக இருந்தும், ஒருசில செல்கள் மட்டும் எல்லை மீறிச் சுரந்தால் அவற்றைச் சுற்றிக் கட்டி வந்தது. 2004-இல் வந்த இந்த முடிவு எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பெரியதாகப் படுகிறது. மருந்துச் சீட்டில் நாம் எழுதுவது மொத்த அளவு. செல் அறிவது தன்னைச் சுற்றி இருக்கும் அளவை மட்டுமே.

கடைசியாகக் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீரிழிவு நீண்ட நாள் நீடித்தால் விழித்திரையின் நுண்குழாய்கள் அடைபடுகின்றன. குறைமாதக் குழந்தைகளுக்கு வேறு விதம். மனித விழித்திரையில் குழாய்கள் ஓரத்தை எட்டப் பேறுகாலம் வரை ஆகும். முன்கூட்டிப் பிறந்த குழந்தைக்கு அந்த வளர்ச்சி பாதியில் நிற்கிறது. இரண்டு இடத்திலும் ஆக்சிஜன் போதாத விழித்திரை விஇஜிஎஃப்-ஐ அள்ளிச் சுரக்கிறது. முறையற்ற குழாய்கள் முளைத்து, கசிந்து, விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடுகின்றன. இன்று கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகள் விஇஜிஎஃப்-ஐப் பிடித்து முடக்குபவை. பெவாசிசுமாப் 2004-இல் குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது, கண்ணிலும் பயன்படுகிறது. ரனிபிசுமாப் 2006-இல் கண்ணுக்கென்றே வந்தது. பல்லாயிரம் பேரின் பார்வையைக் காத்த மருந்துகள் இவை. உங்கள் வீட்டிலேயே யாராவது இந்த ஊசி போட்டுக்கொண்டிருக்கலாம். தயவுசெய்து இடையில் நிறுத்திவிடாதீர்கள், மருத்துவர் சொன்ன நாளில் போங்கள். ஏனென்றால் ஊசி புரதத்தை முடக்குகிறதே தவிர, அடைபட்ட பகுதிக்கு இரத்தம் கொண்டுவருவதில்லை. மருந்தின் வேகம் தணிந்ததும் விழித்திரை திரும்பவும் சுரக்கத் தொடங்கலாம்.

அப்படியானால் அந்தப் பகுதிக்கு முறையான குழாயையே கட்டித்தந்தால் என்ன? வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் ரைன்ஹோல்ட் மெடினா, ஆலன் ஸ்டிட் முதலியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கேட்டது. ஆக்சிஜன் மாற்றத்தால் விழித்திரைக் குழாய்கள் அழிந்த எலிக்குஞ்சுகளின் கண்ணில், உண்மையாகவே குழாய் கட்டும் அந்த அரிய வகைச் செல்களைச் செலுத்தினார்கள். செல்கள் எலியின் சொந்தக் குழாய்ப் பின்னலோடு போய்ச் சேர்ந்தன. குழாயற்ற பகுதி குறைந்தது, இயல்பான பின்னல் கூடியது. முறையற்ற குழாய்கள் விழித்திரையைத் தாண்டி முளைப்பதும் தடுக்கப்பட்டது. விஇஜிஎஃப்-ஐ முடக்கும் மருந்து எதுவும் தேவைப்படவில்லை.

இது எலிக்கண். மனிதக் கண்ணுக்கு வர வேண்டுமானால், பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியிலிருந்து எடுத்த செல்லை அறுபது வயது நீரிழிவு நோயாளியின் உடல் ஏற்குமா என்று தெரிய வேண்டும். சர்க்கரை மிகுந்த அந்த இரத்தத்தில் செல் தன் வேலையைச் செய்யுமா என்றும் பார்க்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கு ஒரு கருவி கிடைத்திருக்கிறது. 2019-இல் வியன்னாவில் ஜோசப் பென்னிங்கரின் குழு, மனித ஸ்டெம் செல்களுக்குச் சமிக்ஞைப் புரதங்களை வரிசையாகக் கொடுத்து, உட்சுவர்ச் செல்லும் பெரிசைட்டும் சேர்ந்த குட்டி இரத்தக் குழாய்ப் பின்னல்களைத் தட்டிலேயே வளர்த்தது. அவற்றைச் சர்க்கரையும் அழற்சிப் புரதங்களும் மிகுந்த திரவத்தில் வைத்தபோது, நீரிழிவு நோயாளிகளிடம் காண்பதைப் போலவே குழாயின் அடிச்சவ்வு தடித்தது. டிஎல்எல்-4, நாட்ச் பாதையைத் தடுத்தபோது அந்தத் தடிப்பு வராமல் காக்க முடிந்தது. விழித்திரையில் முனைச் செல்லையும் தண்டுச் செல்லையும் பிரித்துவைக்கும் அதே பாதை இங்கே வேறொரு வேலையில் இருக்கிறது. நீரிழிவு நோயாளியின் குழாயில் அதை எந்த அளவில், எப்போது தடுப்பது என்பதைத்தான் இனி அளந்தறிய வேண்டும்.